ஈம் கிராமத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

2020 ஏப்ரலில், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். பழைய வாசகர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இங்கிலாந்தில் ஒரு கிராமம், 1666-ல் கொள்ளைநோய் வந்தபோது அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டது; 350 பேர் இருந்த ஊரில் 260 பேர் செத்துப்போனார்கள்; மிஞ்சியது 83 பேர். இதுதான் அதன் சாரம். ஒரு கர்வ் போட்டு, கொஞ்சம் பைத்தான் கோடும் வைத்திருந்தேன். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் அதைப் பகிர்ந்தபோது கிடைத்த கும்பிடு இமோஜிகள் இதுவரை நான் எழுதிய எதற்கும் கிடைத்ததில்லை.

அப்போது ஏழாவது படித்த என் மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, 350-ல 260 போனா 90 தானே? 83-னு போட்டிருக்கீங்க?"

"ஏழு பேர் ஊரை விட்டுப் போயிருப்பாங்கம்மா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். இருபது வருஷமாக டேட்டாவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன் சொல்கிற பதிலா அது? உறுத்தல் உள்ளேயே இருந்தது. 2023-ல் வேலை விஷயமாக ஷெஃபீல்டில் இரண்டு வாரம் தங்க வேண்டி வந்தது. கிராமம் அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். திரும்பி வந்த பிறகு மெதுவாகப் படித்துச் சேர்த்ததுதான் இது. சுருக்கமாகச் சொன்னால், என் பழைய குறிப்பு தப்பு. ஏழு பேர் கணக்கில் அல்ல. ஏறத்தாழ முந்நூற்றைம்பது பேர் கணக்கில் தப்பு.

முதலில் ஊர். டார்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் என்கிற மேட்டு நிலத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'ஏயம்', 'இயாம்' என்றெல்லாம் படிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'ஈம்'. ஆமாம், நம் காதில் ஈமச்சடங்கு, ஈமத்தாழி என்றுதான் விழுகிறது. அதுவும் கொள்ளைநோய்க்குப் பேர்போன ஊருக்கு! உடனே யாரும் தமிழ்த் தொடர்பு என்று கிளம்பிவிட வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் தீவு, நீர் சூழ்ந்த மேட்டு நிலம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வெறும் தற்செயல்.

ஒரே நீளத் தெரு. அதை ஒட்டிச் சாம்பல் நிறக் கல் வீடுகள். இன்றைக்கு அங்கே வாழ்கிறவர்கள் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல நூற்றாண்டுகள் ஊருக்குச் சோறு போட்டது ஈயம். ஈமில் ஈயம், இதுவும் தற்செயல்தான், விட்டுவிடுவோம். சுற்றுவட்டாரச் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஓடும் ஈயத்தாதுவைத் தோண்டி எடுத்தார்கள். சுரங்கத்துக்கென்று தனிச் சட்டம், தனி நீதிமன்றம் எல்லாம் உண்டு. பாதிரியாருக்கும் அந்தத் தாதுவில் ஒரு பங்கு போகும். பிறகு நெசவு வந்தது, 20-ஆம் நூற்றாண்டில் செருப்புத் தொழிற்சாலைகள் வந்தன, அவையும் போய்விட்டன. இப்போது கொள்ளைநோய்க் கதையைக் கேட்க வருகிறவர்கள்தான் ஊருக்கு வருமானம். மியூசியம் கூரைமேல் காற்றுத் திசைகாட்டியாகச் சேவலுக்குப் பதில் எலியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தைரியம்தான்.

கதையை ஒரு தடவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1665 லண்டனில் பெருங்கொள்ளைநோய் ஆண்டு. அந்தக் கோடையின் கடைசியில் ஈமில் மேரி கூப்பர் என்ற பெண்ணின் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப் பொதி வந்தது. அங்கே தங்கியிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல்காரர் அதைப் பிரித்தார். துணி ஈரமாக இருக்கவே அடுப்பங்கரைச் சூட்டில் காயப்போட்டார். சில நாளில் காய்ச்சல், கட்டி, மரணம். செப்டம்பர் 7 அன்று அவரைப் புதைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே வீட்டில் மேரியின் இளைய மகன் எட்வர்ட். அக்டோபர் தொடக்கத்தில் மூத்தவன் ஜொனதன். அங்கிருந்து அக்கம்பக்கம்.

அந்தத் துணியில் என்ன இருந்தது என்பது இருநூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1894-ல் ஹாங்காங்கில் அலெக்ஸாந்தர் யெர்சின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1898-ல் நம் பக்கத்துக் கராச்சியில், பம்பாயிலிருந்து பரவிய கொள்ளைநோய்க்கு நடுவே, பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியிலிருந்து எலிக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று சோதனை செய்து காட்டினார். அப்போதும் பலர் நம்பவில்லை. அது வேறு கதை. 1665 லண்டன் நோய் அதே கிருமிதான் என்பது 2016-ல் உறுதியானது. லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில்பாதை வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடுகளின் பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள்.

ஈமில் அந்த வருஷம் முடிவதற்குள் நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் வேகம் தணிந்தது. மே மாதம் மிகக் குறைவு. முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். ஜூனில் மறுபடி ஏறியது. ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெஸனுக்கு 28 வயது. வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊர்க்காரர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது, ஏனென்றால் அவர்களுடைய பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லி, அரசு சொன்ன வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் பதவி பறிக்கப்பட்டவர். அவர் ஊர்ப்பக்கமே வேறு இருந்தார். இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. ஆனால் இந்த விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள் என்கிறது மரபு.

அவர்கள் பெயரில் சொல்லப்படும் முடிவுகள் மூன்று. இனிமேல் இடுகாட்டில் சடங்கோடு அடக்கம் கிடையாது. அவரவர் வீட்டு ஆட்களை அவரவர் தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்ள வேண்டும். தேவாலயம் பூட்டப்படும், பிரார்த்தனை கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்றபடி. மூன்றாவதுதான் உலகப் புகழ் பெற்றது: யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. டெவன்ஷயர் பிரபு தன் சாட்ஸ்வர்த் மாளிகையிலிருந்து சாப்பாட்டுச் சாமான் அனுப்பினார். மற்றவர்கள் எல்லையில் பொருளை வைத்துவிட்டுப் போவார்கள்; காசு அங்கேயே இருக்கும்.

ஜூலையில் ஐம்பதுக்கு மேல், ஆகஸ்ட்டில் எழுபதுக்கு மேல். ஆகஸ்ட் 25-ல் பாதிரியாரின் மனைவி கேத்தரின். நவம்பர் 1-ல் ஏபிரகாம் மார்ட்டன் என்ற பண்ணையாள். அதோடு நின்றது.

நான் போன அன்றைக்கு மழை தூறிக்கொண்டே இருந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் துணிப் பொதி வந்த வீடு. வாசலில் பச்சை நிறப் பலகையில் செத்தவர்கள் பெயர், தேதி. அடுத்த வீட்டுக்கும் பலகை. அதற்கடுத்த வீட்டுக்கும். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் பூந்தொட்டி, ஒரு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் நின்று உற்றுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தேவாலய முற்றத்தில் கொள்ளைநோய்க்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு மூத்த கற்சிலுவை ஒன்று நிற்கிறது. தண்டின் ஒரு துண்டு எப்போதோ காணாமல் போய்விட்டதால் குட்டையாக இருக்கிறது. சுவரில் 1775-ல் செய்த பெரிய சூரியக் கடிகாரம். உலகின் பல ஊர்களுக்கும் நேர வித்தியாசம் காட்டுகிற அளவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அங்கேயே அரைமணி போயிற்று, வெயில் இல்லாததால் அது வேலை செய்யவில்லை என்றாலும். கேத்தரினுடைய கல்லறையும் இங்கேதான். இன்னொரு கல்லறையை நம்மாட்கள் தவறவே விடக்கூடாது. ஹாரி பாக்ஷா என்ற டார்பிஷயர் கிரிக்கெட் ஆட்டக்காரர், 1927-ல் இறந்தவர். ஸ்டம்ப் சிதறுகிற மாதிரி செதுக்கி, மேலே அம்பயரின் ஒற்றை விரல் வானத்தைக் காட்டுகிறது. அவுட்! இத்தனை சாவைப் படித்துவிட்டு வந்து அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

ஊருக்குத் தெற்கே, ஸ்டோனி மிடில்டன் போகும் வயல் பாதையில் எல்லைக் கல் கிடக்கிறது. பெரிய பாறை, மேலே சில குழிகள். குழியில் வினிகரை ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்களாம். பக்கத்து ஊர்க்காரர் காசை எடுத்துக்கொண்டு சாமானை வைத்துவிட்டுப் போவார். வடக்கே மேட்டில் மாம்பெஸன் கிணறு என்ற ஊற்றிலும் இதே ஏற்பாடு, அங்கே ஓடும் தண்ணீர் காசைக் கழுவிவிடும். கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லிலிருந்து அடுத்த ஊரின் வீடுகள் எவ்வளவு பக்கம் என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். இறங்கி நடந்தால் இருபது நிமிஷத்துக்குள் அங்கே இருப்பீர்கள்.

சரி, இப்போது எண்ணுக்கு வருவோம்.

செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் பெரிய தகராறு இல்லை. நோய் ஓய்ந்த பிறகு, 1666 நவம்பர் 20 அன்று மாம்பெஸன் ஒரு கடிதம் எழுதினார். தன் பங்கில் 76 குடும்பங்களை நோய் தொட்டது, 259 பேர் போனார்கள் என்று அதில் கணக்கு கொடுக்கிறார். பங்கின் அடக்கப் பதிவேடும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. ஆளுக்கு ஆள் நாலைந்து கூடும் குறையும், அவ்வளவுதான்.

பிரச்சினை பின்னத்தின் கீழே இருக்கிற எண்ணில். பள்ளிக்கூடத்தில் தொகுதி, பகுதி என்று படித்தோமே, அந்தப் பகுதியில். செத்தவர்களுக்குப் பதிவேடு இருக்கிறது. இருந்தவர்களுக்கு இல்லை. இங்கிலாந்தில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1801-ல்தான். 350 என்பதும் 83 என்பதும் நீண்டகாலமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் கைமாறி வந்த எண்கள். எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

ஆனால் மறைமுகமாக எண்ண ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் அடுப்பு வரி என்று ஒன்று வாங்கினார்கள். வீட்டில் எத்தனை அடுப்பங்கரையோ அத்தனைக்கு வரி. அதனால் வீடுவாரியாகப் பட்டியல் உண்டு. 1664 பட்டியல் நோய்க்குச் சரியாக ஒரு வருஷம் முந்தியது. அதோடு பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைக் கோத்துப் பார்த்து, நோய்க் காலத்தில் உயிரோடு இருந்தாக வேண்டியவர்கள் யார் யார் என்று ஆய்வாளர்கள் பெயர் பெயராகத் தேடினார்கள். நோய்க்குப் பிறகும் பிழைத்திருந்தவர்கள் மட்டும் 430 பேருக்குக் குறையாது என்று வந்தது. அப்படியானால் நோய்க்கு முன் எழுநூறு, எண்ணூறு பேர் இருந்திருக்க வேண்டும்.

இதில் ஈம் பங்கு வேறு, ஈம் தெரு வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபூலோ, ஈம் உட்லாண்ட்ஸ் போன்ற சிற்றூர்களும் அதே பங்கில் அடக்கம். பதிவேடு பங்கு முழுவதுக்கும் பொது.

350 எங்கிருந்து வந்திருக்கும்? என் ஊகம் ஒன்று இருக்கிறது, ஊகம் மட்டுமே. மாம்பெஸன் சொன்ன 76 குடும்பங்களை, குடும்பத்துக்கு நாலரை ஆள் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 342. அதாவது அந்த 350, ஊரின் மக்கள்தொகை இல்லை; நோய் நுழைந்த வீடுகளின் மக்கள்தொகையாக இருந்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. நோய் எட்டிப் பார்க்காத வீடுகள் கணக்கிலேயே வரவில்லை. எங்கள் துறையில் இது தினப்படி வியாதி. எரர் லாகை மட்டும் பார்த்துவிட்டு மொத்த ரிக்வெஸ்ட் இவ்வளவுதான் என்று முடிவுகட்டுகிற கோளாறு.

இப்போது என் கர்வ் கதை. நோய்ப்பரவலுக்கு எஸ்.ஐ.ஆர். மாடல் என்று ஒன்று உண்டு (வாக்காளர் பட்டியல் எஸ்.ஐ.ஆர். இல்லை, பயப்படாதீர்கள்). நோய் வர வாய்ப்புள்ளவர்கள், நோயில் இருப்பவர்கள், கதை முடிந்தவர்கள் என்று ஊரை மூன்றாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகத்தில் ஆட்கள் நகர்கிறார்கள் என்று பார்ப்பது. 1982-ல் ராகெட் என்ற கணிதவியலாளர் இதை ஈமுக்குப் போட்டுப் பார்த்தார். பிரமாதமாகப் பொருந்தியது. அதிலிருந்து உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஈம் ஒரு நிலையான உதாரணம். நானும் அங்கிருந்துதான் எடுத்தேன். 1666 ஜூன் 18-ல் வாய்ப்புள்ளவர்கள் 254, நோயில் 7. அக்டோபர் 20-ல் மிச்சம் 83. நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்கள். என் கோடு அந்தப் புள்ளிகளின்மேல் வழுக்கிக்கொண்டு போனபோது எனக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

யோசிச்சுப் பாருங்க, அந்த 254 யார் எண்ணியது? 1666 ஜூனில் யாரும் வீடுவீடாகப் போய் எண்ணவில்லை. கடைசியில் 83 என்று வைத்துக்கொண்டு, இடையில் செத்த 178 பேரைப் பின்னோக்கிக் கூட்டினால் 261. அதில் 7 பேர் நோயில். அவ்வளவுதான். அந்தப் பத்தி முழுக்க அடக்கப் பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்தது, கூட ஒரு மாறிலி. அந்த மாறிலி தப்பானால் வளைவின் உருவம் மாறாது, அர்த்தம் மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்று பார்த்தேன். பழைய எண்களின்படி, நோயுற்ற ஒருவர் ஜூன் மத்தியில் சராசரியாக 1.6 பேருக்கு நோயைக் கொடுக்கிறார். அதே மாடலில் கூடுதலாக 350 பேரை உள்ளே விட்டு, அதே 178 சாவை வைத்துக் கணக்கிட்டால் 1.13-க்கு இறங்கிவிடுகிறது. 1-க்குக் கீழே போனால் நோய் தானாக அணைந்துவிடும். முதல் எண்ணில் ஊர் முழுக்கப் பரவிய காட்டுத்தீ தெரிகிறது. இரண்டாவதில் தெரிவது வேறு: சில கூரைகள் முழுசாக எரிந்து சாம்பலாக, நடுநடுவே பல கூரைகள் தப்பித்து நிற்கிற ஒரு தெரு. ஊரை ஒரே அண்டாவில் போட்டுக் கலக்கிய மாதிரி பாவிக்கிற எளிய மாடல் இதற்கு மேல் சொல்லாது.

மேலே சொன்னது 2016-ல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. லிலித் விட்டில்ஸ், சேவியர் டிடெலோ என்ற இருவர் ஊரின் மக்கள்தொகையை ஏறத்தாழ 700 என்று வைத்து, யார் எந்த வீடு, வயது, வசதி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொற்றுகளில் நான்கில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனவை, எலி வழியாக வந்தது ஒரு பங்குதான் என்று அவர்கள் கணிப்பு. மனிதர் வழி என்றால் இருமல் வழியாக இருக்கலாம், மனிதர் உடம்பில் ஒட்டும் தெள்ளு, பேன் வழியாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். ஏழை வீடுகளில் இன்னும் அதிகம்.

செத்தவர்கள் நூற்றுக்கு 74 என்று எழுதியிருந்தேன். சரியான எண் 37-க்குப் பக்கம். அதுவும் கொடூரமான எண்தான். நம் தெருவில் மூன்றில் ஒருவருக்கு மேல் பதினான்கு மாதத்தில் இல்லாமல் போவதை நினைத்துப் பாருங்கள். தியாகத்தின் அளவைக் குறைக்கிறேன் என்று யாராவது கோபித்துக்கொண்டால், எனக்குத் தோன்றுவது இதுதான்: '83 பேர் மிச்சம்' என்று சொன்னபோது அந்தக் கல்லைத் தாண்டாமல் நின்று, பிழைத்து, அதன்பின் வாழ்ந்த சுமார் 350 பேரை நான் ஒரே வாக்கியத்தில் கொன்றிருந்தேன். ஊரைப் பூட்டிய பாரத்தைச் சுமந்தவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

பூட்டியது யார் என்பதும் அவ்வளவு எளிய கேள்வி இல்லை. பேட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாய்வாளர் 2006-ல் எழுதிய கட்டுரை ஒன்று, ஊரே கூடி உறுதியெடுத்த வீரக் கதை எப்படிப் படிப்படியாக உருவானது என்று காட்டுகிறது. ஊர்மக்கள் தங்கள் வாயால் சொன்ன சாட்சியம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1720-களில் பிரான்ஸின் மார்செயில் கொள்ளைநோய் வந்தபோது, ரிச்சர்ட் மீட் என்ற மருத்துவர் தனிமைப்படுத்தலுக்கு ஆதரவாக ஈமை உதாரணம் காட்டினார். பிறகு இந்த ஊரிலேயே பிறந்த கவிஞர் அன்னா சிவர்ட். 1842-ல் வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர் முழுப் புத்தகமே எழுதினார். பக்கத்து ஊர்க் காதலனைத் தூரத்திலிருந்தே பார்த்து நின்ற எம்மட் சிடால் கதையெல்லாம் பிரபலமானது இந்த வழியில்தான். எம்மட் இறந்தது ஏப்ரலில். ஊர் எல்லை மூடப்பட்டது ஜூனில் என்பதைக் கதை சொல்கிறவர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1604-ல் போட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தின்படி நோய் வந்த வீட்டைப் பூட்டிக் காவல் வைக்கலாம். கட்டி தெரியும் உடம்போடு வெளியே கூட்டத்தில் கலந்தவருக்கு மரண தண்டனை வரை போகலாம். பூட்டப்பட்டவர்களுக்குச் சாப்பாடு போட ஐந்து மைல் சுற்றளவு ஊர்களில் வரி வசூலிக்கவும் வழி இருந்தது. ஆக, அந்தக் கல்லைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போயிருந்தாலும் ஈம்காரரை வரவேற்று உட்காரவைக்க யாரும் காத்திருக்கவில்லை. முடிந்தவர்கள் முன்னாலேயே போனார்கள். மாம்பெஸன் தம்பதியே இரண்டு பிள்ளைகளையும் வெளியூர் அனுப்பிவிட்டார்கள். கேத்தரினையும் போகச் சொன்னார். அவர்தான் கணவரை விட்டுப் போக மாட்டேன் என்றார். சுரங்கத்தையும் நாலு ஆட்டையும் நம்பி இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

இதனால் எல்லாமே கட்டுக்கதை என்று நான் சொல்ல வரவில்லை. திறந்தவெளிப் பிரார்த்தனை, எல்லைக் கல், பிரபு அனுப்பிய சாமான் என்று ஏதோ ஒரு ஏற்பாடு நடந்திருக்கிறது. அந்தக் கோடையில் நோய் சுற்றியுள்ள ஊர்களில் வெடிக்கவும் இல்லை. மனிதர் வழியாகத்தான் பெரும்பாலும் பரவியது என்ற 2016 கணிப்பு சரியென்றால், அந்த ஏற்பாட்டுக்கு நிஜமான பலன் இருந்திருக்கும். என் சந்தேகமெல்லாம், பெருமை முழுக்க ஒரு இளம் பாதிரியார் பெயரில் எழுதப்பட்டதில்தான். அவரோ மூன்று வருஷத்தில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். கொள்ளைநோய் ஊரிலிருந்து வந்தவர் என்று அங்கே அவரை ஊருக்குள் விடாமல் கொஞ்சகாலம் வெளியே குடிசையில் தங்கவைத்தார்களாம்.

கடைசியாக நான் போனது ரைலி கல்லறைகளுக்கு. ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டு வயலில், வட்டமாக ஒரு தாழ்ந்த கல்சுவர். உள்ளே ஆறு தலைக்கற்களும் ஒரு மேடைக் கல்லறையும். ரைலி என்பது அந்தப் பண்ணையின் பெயர். புதைக்கப்பட்டவர்கள் ஹான்காக் குடும்பம். 1666 ஆகஸ்ட் 3-லிருந்து 10 வரை, எட்டு நாளில், எலிசபெத் ஹான்காக் தன் கணவர் ஜானையும் ஆறு பிள்ளைகளையும் இங்கே புதைத்தார். யாரும் உதவிக்கு வரக்கூடாது. துண்டை முடிச்சுப் போட்டு உடல்களை இழுத்து வந்தார் என்றும், எதிர்ச் சரிவில் ஸ்டோனி மிடில்டன்காரர்கள் நின்று பார்த்தார்கள் என்றும் சொல்வார்கள். அதற்கு முந்தின மாதம் பக்கத்தில் இருந்த டால்பட் குடும்பத்துக்கு நோய் வந்திருந்தது. பள்ளத்தில் ஊர் வரைக்கும் நடுவில் இருந்த எத்தனையோ வீடுகளை விட்டுவிட்டு, தனியாக இருந்த இந்த இரண்டு பண்ணை வீடுகளில் புகுந்து துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. 1.13 என்ற எண் எனக்கு முழுசாகப் புரிந்தது அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான்.

எலிசபெத் சாகவில்லை. ஷெஃபீல்டில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு மகன் மிஞ்சியிருந்தான், அவனிடம் போய்ச் சேர்ந்தார் என்பது மரபு. நானும் அன்று மாலை அதே ஊருக்குத்தான் பஸ் பிடித்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. மேலே ஒரு வரி சேர்த்து, இந்தக் கட்டுரைக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். கோடையும் அப்படியே விட்டிருக்கிறேன். மக்கள்தொகை 350 என்று இருக்கிற வரிக்குப் பக்கத்தில் மட்டும், இதை யாரும் எண்ணவில்லை என்று ஒரு கமென்ட் போட்டிருக்கிறேன்.